அழாத பிள்ளை

என் மருந்துக்கடை பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் தாலுகாவில் இருக்கிறது. பொள்ளாச்சி செல்லும் சாலையில் எங்கள் ஊரைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் சோதனைச் சாவடி. அதற்கு அப்பால் தமிழ்நாடு. கடைப் பலகையில் மலையாளமும் தமிழும் இருக்கும். வந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் தமிழில்தான் கேட்பார்கள். மருந்துச் சீட்டு திருச்சூரிலிருந்தும் வரும், கோயம்புத்தூரிலிருந்தும் வரும். மருத்துவர்களின் கையெழுத்து புரியாமல் இருப்பதில் மட்டும் மாநில வேறுபாடு கிடையாது.

கல்லாவுக்குப் பின்னால், கை எட்டும் தட்டில் தைராக்ஸின் பாட்டில்களும் சர்க்கரை மாத்திரைகளும் இருக்கின்றன. இவை விற்காத நாள் இல்லை. தைராய்டு என்றால் நடுத்தர வயதுப் பெண்களுக்கு வருவது, சர்க்கரை என்றால் வயிறு முன்தள்ளிய ஆண்களுக்கு வருவது என்று ஊரில் ஒரு கணக்கு. குழந்தையின் பெயர் போட்ட சீட்டோடு யாராவது வந்தால் அவர்களே நம்பமாட்டார்கள். “பெரியவர்கள் மாத்திரையை மாற்றி எழுதிவிட்டாரோ என்னவோ, கொஞ்சம் பாருங்கள் அண்ணா” என்று சீட்டை என் பக்கம் திருப்புவார்கள்.

ஏழை நாடுகளில் ஹார்மோன் கோளாறுள்ள குழந்தைகள் மருந்து கிடைக்காமல் துன்பப்படுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. என் கல்லாவில் இருந்து பார்த்தால் அதில் பாதிதான் சரி. மருந்து பெரும்பாலும் பழையது, மலிவானது, மேலே சொன்ன தட்டிலேயே இருப்பது. வியாதி இன்னதென்று தெரிவதற்குத்தான் காலம் போய்விடுகிறது. காலம் போவதற்குக் காரணம் அலட்சியம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் வீடுகளில் ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு நல்ல விளக்கம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. பிள்ளை அழவில்லையா, சமத்து. வளரவில்லையா, அப்பனும் காலேஜ் போன பிறகுதானே வளர்ந்தான். ஏழு வயதில் பெரிய பெண் போல் ஆகிவிட்டாளா, நல்ல ஊட்டம்.

‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்று பழமொழி சொல்லும் அதே வாய்தான் அழாத பிள்ளையைக் கொஞ்சுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டி என் கடைக்கு அடிக்கடி வந்துகொண்டிருந்தார். பேத்திக்கு மலம் சரியாகப் போவதில்லை என்று குழந்தைகளுக்கான கிளிசரின் மருந்து வாங்குவார், கிரைப் வாட்டர் வாங்குவார். மகளின் முதல் பிரசவம் உடுமலைப் பக்கத்தில் தாய்வீட்டில் நடந்தது. ஐந்தாம் மாதம் சீர் செய்து பிள்ளையைக் கணவன் வீட்டுக்குக் கொண்டுவிட்டிருந்தார்கள். கூடவே பாட்டியும் வந்து தங்கியிருந்தார். “ராத்திரி ஒரு சத்தம் கிடையாது, பாலுக்குக்கூட நாங்களாகத்தான் எழுப்ப வேண்டும்” என்று பெருமையாகச் சொன்னார். ஒருநாள் பிள்ளையையே தூக்கிக்கொண்டு வந்தார். முகம் உப்பியிருந்தது. நாக்கு உதட்டுக்கு வெளியே தெரிந்தது. தொப்புள் புடைத்திருந்ததால் அதன் மேல் காசு வைத்துத் துணியால் கட்டியிருந்தார்கள். பிறந்தபோது வந்த மஞ்சள் காமாலை வாரக்கணக்கில் போகாமல் இருந்ததாகவும், வெயிலில் காட்டியே சரிசெய்ததாகவும் சொன்னார்.

மருந்துக்கடைக்காரன் வைத்தியம் சொல்லக் கூடாது. ஆனால் எங்கள் பாடப் புத்தகத்தில் இந்த வரிசை அப்படியே இருந்தது. குழந்தை மருத்துவரிடம் அன்றைக்கே போகச் சொன்னேன். இரத்தத்தில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் அளவு ஆய்வகக் கருவி காட்டக்கூடிய உச்சத்தைத் தாண்டியிருந்தது. பிறவியிலேயே தைராய்டு சுரப்பி சரியாக உருவாகவில்லை. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் பிள்ளை கை கால் உதைத்தது, மலம் சரியானது, குரல் எடுத்து அழுதது. பாட்டிக்கு அந்த அழுகையைக் கேட்டுப் பயம் வந்துவிட்டது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையோ என்று என்னிடம் ஓடி வந்தார். இப்போது அந்தப் பெண் பள்ளிக்குப் போகிறாள். பேச்சு தாமதமாக வந்தது. கணக்கு ஏறவில்லை. மாத்திரையைத் தவறாமல் கொடுக்கிறார்கள்.

தைராய்டு ஹார்மோன் இல்லாமல் பெரியவருக்குச் சோர்வு வரும், எடை ஏறும். மாத்திரை போட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். பிறந்த குழந்தைக்கு அப்படித் திரும்பிப் போக ஒரு பழைய நிலை கிடையாது. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் மூளை தன்னைக் கட்டிக்கொள்ளும்போது இந்த ஹார்மோன் அங்கே இருந்தாக வேண்டும். முதல் இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கினால் அந்தப் பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போலவே வளர்ந்து படிக்கும். மாதங்கள் தள்ளிப்போனால் உடம்பு தேறும், மூளையில் தவறிப்போனது முழுதாகத் திரும்பாது. சிக்கல் என்னவென்றால் முதல் இரண்டு வாரத்தில் பிள்ளையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தாயின் ஹார்மோன் கொஞ்சம் உள்ளே போயிருக்கும். பிறந்த எடை சரியாக இருக்கும். நாக்கும் தொப்புளும் காட்டிக்கொடுக்கும்போது காலம் கடந்திருக்கும். அதனால்தான் அறிகுறிக்குக் காத்திருக்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் சோதனை செய்ய வேண்டும் என்கிறார்கள்.

சோதனை மிக எளிது. பிறந்து 48 மணி நேரம் கழித்துக் குதிகாலில் ஒரு குத்து, சில சொட்டு இரத்தம், வடிகட்டித் தாளில் காயவைத்த பொட்டு. இந்தத் தாள் முறையை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராபர்ட் குத்ரி வேறொரு பிறவி நோய்க்காகக் கொண்டுவந்தார். 1970களில் கனடாவின் கியூபெக்கில் ஜான் துஸ்ஸோ அதைத் தைராய்டுக்குப் பயன்படுத்தினார். அதற்குப் பிறகு பணக்கார நாடுகளில் இந்த வியாதியால் மூளை வளர்ச்சி குன்றிய குழந்தையைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. உலகில் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு இன்றும் அந்தச் சொட்டு எடுக்கப்படுவதில்லை. இந்தியாவில் நாடு முழுவதற்குமான கட்டாயச் சோதனை கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை, ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தது. 1,130 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவித் தைராய்டு குறைபாடு இருந்தது. மேலைநாடுகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த விகிதத்தைவிட இது இரண்டு, மூன்று மடங்கு அதிகம். ஒரு நடுத்தர ஊர் ஆஸ்பத்திரியில் ஆண்டுக்கு ஆயிரம் பிரசவம் நடந்தால், ஆண்டுக்கு ஒரு பிள்ளை.

கேரளத்தில் பத்தாண்டுகளுக்கு மேலாக அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இதை இலவசமாகச் செய்கிறார்கள். தைராய்டு குறைபாடு, அட்ரீனல் சுரப்பிக் கோளாறு இவற்றோடு வேறு இரண்டு பிறவி நோய்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். தாள் அரசின் பொதுச் சுகாதார ஆய்வகத்துக்குப் போகிறது. சந்தேகம் இருந்தால் வீட்டுக்குத் தொலைபேசி வரும், ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி வாசலில் வந்து நிற்பார். நல்ல ஏற்பாடு. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதைப் போட்டது அரசு இல்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். கணவன் வீடு எல்லைக்கு இந்தப் பக்கம், தாய்வீடு பல்லடத்திலோ உடுமலையிலோ ஆனைமலையிலோ. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண் எல்லை தாண்டுகிறாள். கேரளத்து நர்ஸம்மாவின் பதிவேட்டில் அந்தப் பெண் ‘தாய்வீடு சென்றார்’ என்று முடிகிறாள். அங்கே ஏதோ ஒரு நர்சிங் ஹோமில் பிரசவம். மூன்றாம் நாள் வீடு. பிள்ளை மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ இந்தப் பக்கம் வரும்போது குதிகாலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தடுப்பூசி அட்டையை மட்டும் பார்க்கிறார்கள்.

எங்கள் தெருவிலேயே இன்னொரு பெண்ணுக்கும் இதே குறைபாட்டோடு குழந்தை பிறந்தது. அவளுக்கும் தலைப்பிரசவம்தான். ஆனால் வளைகாப்பு அன்று வளையல் அடுக்கிய வரிசையில் யாருக்கு முன்னுரிமை என்று அவள் மாமியாருக்கும் அவளுடைய அண்ணிக்கும் வாய்த் தகராறு. பெண் கோபித்துக்கொண்டு தாய்வீடு போகமாட்டேன் என்று இங்கேயே இருந்துவிட்டாள். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், குதிகாலில் குத்து, இரண்டாவது வாரத்தில் அழைப்பு. அந்தப் பையன் இப்போது மூன்றாம் வகுப்பில் எல்லாரையும் வாயாடி மடக்குகிறான். அண்ணியோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. அந்தச் சண்டைக்கு நான் மட்டும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

மாத்திரையைப் பற்றிக் கல்லாவில் நின்று தெரிந்துகொண்ட சில விஷயங்கள். ஒரு மாத்திரை ஒன்றிரண்டு ரூபாய். மலிவு காரணமாகவே அதன் மேல் மரியாதை குறைவு. பிறந்த குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் தேவை. மூன்று கிலோ பிள்ளை என்றால் 30 முதல் 45 வரை. சுரப்பி முழுதாக வேலை செய்யாத 60 கிலோ அம்மாவுக்கே 100தான் எழுதியிருப்பார்கள். எடைக்கு எடை பார்த்தால் பிள்ளை சாப்பிடுவது அம்மாவைப் போல ஏழெட்டு மடங்கு. இந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்து, டாக்டர் ஒன்றரை மாத்திரை என்று எழுதியதை அரையாக்கிக் கொடுத்த வீடுகளை எனக்குத் தெரியும். “பச்சைப் பிள்ளைக்கு இவ்வளவா?” என்பது அன்பில் வரும் கேள்வி. அந்த அன்பு மூளைக்குப் போக வேண்டியதில் பங்கு கேட்கிறது. மாத்திரையைப் பொடித்து ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கலந்து நேராக வாயில் விட வேண்டும். பால் பாட்டிலில் போட்டால் மிச்சம் வைத்த பாலோடு மருந்தும் போய்விடும். இரும்புச்சத்து சொட்டு மருந்தையும் கால்சியத்தையும் அதே வேளையில் கொடுத்தால் உடம்பு தைராக்ஸினை எடுத்துக்கொள்ளாது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகிறது. கூட்டம் இருக்கும் நேரத்தில் அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் நிற்பவர் இருமிக் காட்டுவார்.

அட்ரீனல் கோளாறு என்று மேலே ஒரு வார்த்தையில் கடந்துவிட்டேன். அது அப்படிக் கடக்கக்கூடியதில்லை. சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் செய்ய வேண்டிய வழியில் ஒரு நொதி இல்லாததால், ஆண்தன்மை ஹார்மோனை அளவுக்கு மீறிச் செய்துவிடும். கடுமையான வகையில் உடம்பில் உப்பு நிற்காது. பெண் குழந்தையாக இருந்தால் பிறப்புறுப்பில் வித்தியாசம் தெரியும், மருத்துவச்சியே கவனித்துவிடுவார். ஆண் குழந்தையாக இருந்தால் ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாந்தி, பால் குடிக்காமை, நீர் வற்றுதல், மயக்கம். வயிற்றுப்போக்கு என்றோ கிருமித்தொற்று என்றோ எழுதிப் புதைத்துவிடுவார்கள். இந்த நோய் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக வர வேண்டிய மரபு நோய். ஆனால் சோதனைத் திட்டம் இல்லாத நாடுகளின் மருத்துவமனைப் பதிவுகளில் பெண் குழந்தைகளே அதிகம் இருப்பார்கள். ஆண் குழந்தைகள் எங்கே போனார்கள் என்பதை அந்தப் பதிவேடு சொல்லாமல் சொல்கிறது. கள்ளிப்பால் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஆண்பிள்ளைகள் கணக்கில் குறையும் ஒரு வியாதி இருக்கிறது என்பது விசித்திரமாகத்தான் இருக்கும்.

மேலே சொன்ன ஐந்து நகர ஆய்வில் இந்தக் கோளாறு மொத்தத்தில் 5,762 குழந்தைகளில் ஒன்றுக்கு இருந்தது. சென்னையில் மட்டும் 2,036இல் ஒன்றுக்கு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டும் வழக்கத்தில் அது நேர்வதற்கு வாய்ப்பு கூடுகிறது. எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால் சொந்தத்தையே பழிப்பதாக எடுத்துக்கொள்வார்கள். நானே அத்தை மகளைக் கட்டியவன். அதனால் எனக்கு மட்டும் திட்டு விழுவதில்லை. மருந்து ஹைட்ரோகார்ட்டிசோனும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோனும், கைக்குழந்தைக்குக் கொஞ்சம் சமையல் உப்பும். இரண்டாவது மாத்திரை எங்கள் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது. மொத்த வியாபாரிக்குச் சொல்லி, கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வரவழைக்க வேண்டும். ஒரே ஒரு குழந்தைக்காக முழுப் பெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். காலாவதியானால் நஷ்டம் எனக்கு. ‘வியாபாரம் தெரியாதவர்’ என்று என் மனைவி சொல்வதற்கு இந்தப் பெட்டியும் ஓர் ஆதாரம்.

இனி சர்க்கரை. குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் முதல் வகை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் செய்யும் செல்களை அழித்துவிடுகிறது. இனிப்பு தின்றதால் வந்ததில்லை, அம்மா கர்ப்பத்தில் மாம்பழம் சாப்பிட்டதாலும் வந்ததில்லை. மாமரத் தோப்பு சூழ்ந்த முதலமடைக்குப் பக்கத்தில் இருப்பதால் இந்தக் குற்றச்சாட்டை அடிக்கடி கேட்கிறேன். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 மதிப்பீட்டின்படி 20 வயதுக்குட்பட்டவர்களில் இந்த வகை நோய் உள்ளவர்கள் உலகிலேயே இந்தியாவில்தான் அதிகம். இரண்டு லட்சத்துக்கும் மேல். அதில் கண்டுபிடிக்கப்படாமலே இறந்தவர்கள் சேரமாட்டார்கள். மூச்சு வேகமாக வாங்குவதைப் பார்த்து நிமோனியா என்பார்கள், வாந்தியும் வயிற்றுவலியும் பார்த்து உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள், ஆப்பிரிக்காவில் மலேரியா என்பார்கள்.

வீட்டுக்கு முதலில் தெரிவது வேறு. படுக்கையை நனைப்பதை நிறுத்தி வருடங்களான பிள்ளை மறுபடி நனைக்கும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். சட்டை தொளதொளக்கும். கொல்லையில் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கும். இதை எங்கள் ஊர்ப் பாட்டிகளுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் பெரியவர்களுக்கு மட்டும்தான் அப்படி என்று வைத்திருக்கிறார்கள். பிள்ளை நனைத்தால் பூச்சி மாத்திரையும் இரண்டு அறையும் கிடைக்கும். இத்தாலியின் பார்மா நகரில் 1990களில் ஒரு காரியம் செய்தார்கள். படுக்கையை நனைக்கும் பிள்ளைக்குச் சர்க்கரை இருக்கலாம் என்று படம் போட்ட சுவரொட்டியைப் பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களின் அறைகளிலும் ஒட்டினார்கள். அந்தப் பகுதியில் மயக்க நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. செலவு தாளும் பசையும். எங்கள் தமிழ்வழிப் பள்ளியின் சுவரில் தலைவர்களின் படங்களுக்குக் கீழே எவ்வளவோ இடம் காலியாக இருக்கிறது.

இன்சுலினுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1922 ஜனவரியில் டொரன்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத்தான் அதை முதலில் செலுத்தினார்கள். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். இங்கே பழைய வகை இன்சுலின் குப்பி நூற்றைம்பது ரூபாய் அளவில் கிடைக்கிறது. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்தான் பணத்தைத் தின்கிறது. ஒன்று பதினைந்து, இருபது ரூபாய். நாளுக்கு நான்கு முறை குத்திப் பார்க்கச் சொன்னால், கூலி வேலைக்காரர் ஒரு முறை பார்ப்பார். மீதி மூன்று வேளையும் முகத்தைப் பார்த்து ஊகிப்பார்.

எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்துவது ஊசி. நம் நாட்டுக் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 அலகு. அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனா வடிவ ஊசிக்கருவியில் போடும் இன்சுலின் ஒரு மில்லிக்கு 100 அலகு. 100க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசியில் 10 கோடு எடுத்தால் உள்ளே போவது 4 அலகுதான்; சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். பேனா காலியாகாமல் வீணாகிறதே என்று அதிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 10 கோடு உறிஞ்சினால் 25 அலகு. பிள்ளை அன்று இரவே சுருண்டுவிடும். பிள்ளையின் உயிர் இரண்டு பிளாஸ்டிக் மூடிகளின் நிறத்தில் தொங்குகிறது. கல்லா விளக்கில் சிவப்பும் ஆரஞ்சும் எனக்கே சட்டென்று பிடிபடுவதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் குப்பியும் இந்தப் பக்கம் ஒரு கடையில் ஊசியும் வாங்குகிறவர்களிடம் பழைய ஊசியைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

வெயிலும் ஒரு பிரச்சினை. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டில் 40 டிகிரி தாண்டுவது உண்டு. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் திறந்த குப்பியை ஈர மணல் பரப்பிய மண்பானைக்குள், தண்ணீர் படாமல் ஒரு டப்பாவில் போட்டு வைக்கச் சொல்கிறேன். இது நாட்டுப்புற யோசனையாகத் தோன்றினாலும் ஆய்வாளர்கள் அளந்து பார்த்து ஏற்றுக்கொண்ட முறை. ஃபிரிட்ஜ் உள்ள வீட்டில் வேறு ஆபத்து. பத்திரம் என்று நினைத்து ஃப்ரீசரில் வைத்துவிடுவார்கள். உறைந்த இன்சுலின் எதற்கும் ஆகாது.

கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன் இந்தப் பிள்ளைகளுக்காக ‘மிட்டாயி’ என்றொரு திட்டம் நடத்துகிறது. (பெயர் வைத்தவருக்குக் குறும்பு அதிகம்.) இன்சுலின் பேனா, ஸ்ட்ரிப், தோலில் ஒட்டி நாள் முழுதும் சர்க்கரை அளவு காட்டும் கருவி எல்லாம் அரசு மருத்துவக் கல்லூரிகள் வழியாகக் கிடைக்கின்றன. எங்கள் பக்கத்தவர்கள் திருச்சூருக்குப் போகிறார்கள். போகிறவர்களின் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் குடும்பங்களின் ரேஷன் அட்டை அந்தப் பக்கம் இருக்கும். அவர்கள் கோயம்புத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கேயும் இன்சுலின் இலவசம்தான், ஆனால் ஒரு நாள் கூலி போய்விடும். வேலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்பக் குடும்பம் எல்லையைத் தாண்டித் தாண்டி வாழும்போது, எந்த மருத்துவமனையிலும் பிள்ளைக்கு முழுமையான பதிவேடு உருவாவதில்லை. அந்தப் பிள்ளையின் வரலாறு முழுவதும் இருப்பது அம்மாவின் மஞ்சள் பையில், மடித்து மடித்துக் கிழிந்த சீட்டுகளாக.

வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது. அந்த ஊசியை என் கடையில் விற்றதே இல்லை. ஆண்டுக்கு லட்சக்கணக்கில் ஆகும் வைத்தியம் அது. இங்கே மட்டும் ‘மருந்து மலிவு’ என்ற என் வாதம் நொண்டுகிறது. எலும்பின் வளர் தட்டுகள் மூடிய பிறகு எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை என்பதால், ஐந்து வயதுப் பிள்ளை ஆண்டுக்கு நான்கைந்து சென்டிமீட்டர்கூட வளரவில்லை என்றால் ‘பிறகு வளர்வான்’ என்று விடாமல் பார்க்க வேண்டும். அதற்குக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டாலே போதும்.

சீக்கிரம் பருவமடைவதும் அப்படித்தான். பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்னும் பையனுக்கு 9 வயதுக்கு முன்னும் பருவ மாற்றம் தொடங்கினால் அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். எலும்பு முன்கூட்டியே முதிர்ந்து உயரம் நின்றுவிடும்; சில பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பையன்களுக்கு, மூளையிலோ வேறு இடத்திலோ கட்டி காரணமாக இருக்கலாம். எங்கள் ஊரில் இதற்கு முதலில் தேடுவது பந்தல்காரரை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டி நாற்காலியில் உட்காரவைத்துச் சீர் வைக்கும்போது, அந்தப் பிள்ளையின் கண் பந்தலுக்கு வெளியே விளையாடுகிறவர்கள் மேல் இருக்கிறது. சடங்கு செய்வதை நான் குறை சொல்லவில்லை. மொய் எழுதியவர்களில் ஒருவராவது வயதைக் கேட்டிருக்கலாம்.

இதற்கெல்லாம் பூச்சிமருந்து காரணமா என்றும் கேட்கிறார்கள். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்த கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் அங்கே பத்ரே கிராமத்துச் சிறுவர்களை ஆராய்ந்து, அவர்கள் பருவமடைவது தாமதமாவதாக 2003இல் வெளியிட்டது. பூச்சிமருந்துத் தரப்பு அதை எதிர்த்து வாதாடியது. 2011இல் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் அந்த மருந்தைத் தடைசெய்தது. என் கருத்து: தோப்புகளில் இன்று அடிக்கும் மருந்துகளைப் பற்றிக் கவலைப்பட எல்லாக் காரணமும் இருக்கிறது; அதற்காகப் பிள்ளையின் ஒவ்வொரு ஹார்மோன் கோளாற்றையும் தோப்பின் மேல் போட்டுவிட்டுச் சோதனைக்குப் போகாமல் இருப்பது பிள்ளைக்கு உதவாது.

உப்பைச் சொல்லாமல் முடிக்க முடியாது. “அயோடின் உப்பு வந்த பிறகுதான் தைராய்டு வந்தது” என்று படித்தவர்களே கடையில் நின்று சொல்கிறார்கள். ஆந்திரத்து ஸ்ரீகாகுளத்தில் பிறந்த டாக்டர் வி. ராமலிங்கசுவாமி 1956இல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வு இதற்கு நேர்ப் பதில். பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பும் நடுப்பகுதிக்குச் சாதாரண உப்பும் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அயோடின் பெற்ற பகுதிகளில், அயோடின் போதாமல் தைராய்டு வீங்கும் கழுத்துக் கழலை தெளிவாகக் குறைந்தது, மற்றதில் குறையவில்லை. நாட்டின் அயோடின் திட்டமே அதன் மேல்தான் எழுந்தது. 2018-19இல் நடந்த அகில இந்தியக் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடு. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டுக்கே உப்பு காய்ச்சிக் கொடுக்கும் மாநிலம்! தூத்துக்குடிக் கல்லுப்பு மூட்டை எங்கள் கடைவீதிக்கும் வருகிறது. ஊறுகாய்க்கும் மீன் குழம்புக்கும் கல்லுப்பு இல்லாமல் ருசிக்காது என்பார்கள். ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளட்டும். கர்ப்பிணி சாப்பிடும் குழம்புக்கு அயோடின் உப்பு போடட்டும். சுரப்பியே உருவாகாத பிள்ளைக்கு எந்த உப்பும் மாத்திரைக்கு ஈடாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு உப்பை மாற்றிய ஒரு வீடு உண்டு.

தாய்வீடு புறப்படும் பெண்கள் போகும்முன் இரும்புச்சத்து மாத்திரை வாங்க என் கடைக்கு வருவார்கள். மாத்திரை போடும் உறையின் பின்பக்கத்தில் தமிழில் எழுதித் தருகிறேன்: பிறந்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பிள்ளைக்குத் தைராய்டு, அட்ரீனல் சோதனை. பல நர்சிங் ஹோம்களில் கேட்டால் செய்கிறார்கள், கேட்காவிட்டால் சொல்வதில்லை. குறை மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு வாரம் கழித்து மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும். கொடுத்த தொலைபேசி எண் உடனே எடுக்கும் எண்ணாக இருக்க வேண்டும். மாமனார் வீட்டுப் பழைய எண்ணைக் கொடுத்துவிட்டு அறிக்கை வரவில்லை என்று காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். குதிகால் குத்து தவறிவிட்டால் ஆறாவது வாரத் தடுப்பூசி வரை இழுக்காமல், சாதாரண இரத்தப் பரிசோதனைக் கூடத்திலேயே தைராய்டுக்கு இரத்தம் கொடுக்கலாம். சில நூறு ரூபாய் ஆகும், அன்று மாலையோ மறுநாளோ முடிவு தெரியும். அந்தத் தாளை மருந்துக்கடைக்குக் கொண்டுவராமல் நேராகக் குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், நானும் அதைத்தான் சொல்லி அனுப்புவேன்.